அஞ்சல் வாசல் – 7: திறந்து பார்க்காத உறை

2010 ஏப்ரல் 15 அன்று உலகின் பல நாடுகளில் அஞ்சல் சேவையகங்களின் வைரஸ் வடிகட்டி நின்றுபோனது. யாரும் தாக்கவில்லை. கிளாம்ஏவி என்ற இலவச வடிகட்டியைப் பராமரித்தவர்களே, 0.94 பதிப்பும் அதற்கு முந்தையவையும் செயலிழக்கும்படியான ஒரு குறிப்பைத் தங்கள் புதுப்பிப்பில் சேர்த்து அனுப்பினார்கள். நீளமான வைரஸ் அடையாளங்களைச் சரியாக வாங்கிக்கொள்ள முடியாத பிழை பழைய பதிப்புகளில் இருந்தது. 2009 அக்டோபரிலேயே அறிவிப்பும் வந்துவிட்டது. அந்த நாளில் வந்த கடிதங்களின் கதியைத் தீர்மானித்தது, ஒவ்வொரு சேவையகத்திலும் என்றைக்கோ யாரோ எழுதி மறந்துபோன ஒற்றை வரி: வடிகட்டி வாய் திறக்காவிட்டால் கடிதத்தை உள்ளே விடு, அல்லது நிறுத்திவை. ஒரு வடிகட்டியை எடைபோட அது எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்ற கணக்கைத்தான் நாம் கேட்கிறோம். தன்னால் பார்க்க முடியாத கடிதத்தை அது என்ன செய்கிறது என்பதே அதைவிட முக்கியமான கேள்வி என்பது என் வாதம்.

வடிகட்டியிடம் உண்மையில் மூன்று பதில்கள் உண்டு. ‘வைரஸ் இருக்கிறது’, ‘பார்த்தேன், இல்லை’, ‘பார்க்க முடியவில்லை’. சிக்கல் மூன்றாவதில். கிளாம்ஏவி ஓர் அளவுக்கு மேல் பெரிதான கோப்பை முழுதாகத் திறப்பதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பின் உள்ளேயும் அதனால் நுழைய முடியாது. எச்சரிக்கும்படி நிர்வாகி தனியாக அமைத்தால் ஒழிய, இவற்றுக்கும் பழுதில்லை என்றே பதில் வரும். திறக்காத உறைக்கும் திறந்து பார்த்த உறைக்கும் ஒரே முத்திரை விழுகிறது. தாக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜிப்பைப் பூட்டி, கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பும் தந்திரம் எமோடெட் போன்ற தீநிரல் கும்பல்களின் வழக்கமாகவே இருந்தது.

இது யாரைப் பாதிக்கிறது என்று பார்க்க கல்வராயன் மலைக்குப் போவோம். வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மாவட்டத் தலைமையிடமான கள்ளக்குறிச்சி கீழே சமவெளியில். மலையாளிப் பழங்குடி மாணவருக்கு இனச் சான்று வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்குத்தான். அதற்காக மேலிருந்து கீழே மின்னஞ்சலில் போகும் ஓர் அறிக்கை வழியில் காணாமல் போனால், அது காணாமல் போனது என்று தெரியவே நாளாகும். கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காத மலையில் ‘வந்துச்சா?’ என்று கேட்பதும் சுலபமில்லை. காகிதக் காலத்தில் இதற்கு நம் அலுவலகங்கள் ஒரு வழி வைத்திருந்தன. தபால் வந்ததும் ந.க. எண் விழும், தன்பதிவேட்டில் ஏறும். அந்த எண் விழுந்த பிறகு கடிதத்துக்கு ஒருவர் பொறுப்பு. அஞ்சல் நெறிமுறையிலும் அச்சாக இதே ஏற்பாடு உண்டு. வாங்கும் சேவையகம் 250 என்று பதில் சொன்ன கணத்தில் கடிதம் அதன் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு சத்தமில்லாமல் குப்பையில் போடுவது, எண் போட்ட தபாலைக் கிழித்து எறிவதற்குச் சமம்.

ஆகவே சோதனை 250 சொல்லும் முன்பே, வாசலிலேயே முடிய வேண்டும். வைரஸ் என்றால் 554 என்று மறுக்கலாம். அனுப்பிய பக்கத்துச் சேவையகமே தன் ஆளுக்குத் தகவல் சொல்லும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அனுப்பியவருக்கு எழுதுவோம் என்ற முறை 2003 ஆகஸ்டில் சோபிக்-எஃப் புழு பரவியபோது பெருந்தொல்லையானது. புழு போலி அனுப்புநர் முகவரியுடன் போனதால், ‘உங்கள் கடிதத்தில் வைரஸ்’ என்ற எச்சரிக்கைகள் ஒன்றும் அறியாதவர்களின் பெட்டிகளை நிரப்பின. வடிகட்டியே படுத்துவிட்டால் 451: இப்போது முடியாது, பிறகு வா. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருள் தன்னோடு இணைத்த வடிகட்டி பதில் தராதபோது இயல்பாகவே இப்படித் தற்காலிகமாகத்தான் மறுக்கிறது. அந்த இயல்பை மாற்றாமல் விடுவதே நல்லது.

அவசரக் கடிதம் தாமதமானால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தற்காலிக மறுப்பில் கடிதம் அழிவதில்லை. அனுப்பும் பக்கம் அதை வரிசையில் வைத்துக்கொண்டு, குறைந்தது 4, 5 நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்கிறது நெறிமுறை. மறுபக்கம், சோதிக்காமல் உள்ளே விட்டால் நேரும் இழப்புக்கு இப்படித் தவணை கிடையாது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டு ஒரே நாளில் உலகைச் சுற்றியது. அரை நாள் தாமதத்தைப் பொறுக்காத செய்தி என்றால் அதை மின்னஞ்சலை மட்டும் நம்பி அனுப்புவதே தவறு.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: வடிகட்டியே ஓட்டையானால்? பர்ரகுடா நிறுவனத்தின் அஞ்சல் காப்புக் கருவியில் நடந்தது அதுதான். இணைப்பாக வரும் டார் கோப்புக்குள் இருக்கும் பெயர்களைக் கருவி கையாண்ட விதத்தில் இருந்த பிழை வழியாக, 2022 அக்டோபரிலிருந்தே தாக்குபவர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். 2023 மே மாதம்தான் அது தெரியவந்தது. பாதிக்கப்பட்ட கருவிகளையே மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் கிளாம்ஏவியிலும் கோப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் கடுமையான பிழை ஒன்று திருத்தப்பட்டது. வந்ததையெல்லாம் பிரித்துப் பார்ப்பவருக்குத்தான் விஷம் முதலில் படும். இதற்காகச் சோதனையை நிறுத்த முடியாது. சோதிக்கும் நிரலை வேறெதையும் தொட முடியாத தனிப் பயனராக, தனி அறையில் அடைத்து ஓட்டலாம். பிழைத் திருத்தம் வந்த அன்றே ஏற்றலாம். பிரித்துப் பார்க்கும் கோப்பு வகைகளைக் குறைத்து, அலுவலகத்துக்கு என்றுமே தேவைப்படாதவற்றை, .எக்ஸ்இ, .எஸ்சிஆர் போன்றவற்றை, பிரிக்காமலேயே மறுத்துவிடலாம்.

பூட்டிய ஜிப்பையும் வாசலிலேயே மறுக்கத்தான் வேண்டும். ஆனால் மறுக்கும்போது காரணம் தெரிய வேண்டும். அனுப்பிய எழுத்தருக்குத் திரும்பிவரும் அறிவிப்பு இன்று பெரும்பாலும் எண்களும் ஆங்கிலமுமாகவே இருக்கிறது. அதைப் படித்து, பூட்டை எடுத்துவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும் என்று அவர் எப்படிப் புரிந்துகொள்வார்? போஸ்ட்ஃபிக்ஸில் அந்த அறிவிப்பின் வாசகத்தை அனுப்பும் பக்கத்து நிர்வாகியே எழுதிக்கொள்ளலாம், தமிழிலும். ‘உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை. இணைப்பு பூட்டியிருந்தால் கடவுச்சொல்லை நீக்கி மீண்டும் அனுப்புங்கள்’ என்று இரண்டு வரி போதும்.