தகட்டில் தகிடுதத்தம்

மட்டாஞ்சேரியில் பழைய அச்சுத் தகடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, முதுகை

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். பித்தளை உருளி, மரத்தூண், கப்பல் விளக்கு என்று குவிந்து கிடக்கும் சரக்குக்கு நடுவே, ஒரு காலத்தில் அச்சகங்களில் உழைத்த தகடுகளும் பிளாக்குகளும் கண்ணில் படும். பல கடைகள் நகலை நகல் என்று சொல்லியே விற்கின்றன. சிக்கல், சொல்லாதவர்களிடம்தான்.

உண்மையான பழைய தகடு ஏன் அபூர்வம்? காரணம் எளிது. அது காப்பாற்றி வைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. செம்புத் தகடு தேய்ந்தால் உருக்கினார்கள். ஈய எழுத்து மழுங்கினால் மறுபடி வார்த்தார்கள். லித்தோ கல்லில் வேலை முடிந்தால் படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு அடுத்த படத்தை வரைந்தார்கள். ஆஃப்செட் வந்து பழைய அச்சகங்கள் மூடப்பட்டபோது மிச்சமிருந்தவையும் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போயின. 1579-ல் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சான ஊர் இதே கொச்சி. அந்தக் காலத்து எழுத்து என்று யாராவது எதையாவது நீட்டினால், சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். தகட்டிலிருந்து நேரடியாகக் காகிதத்துக்குப் போகும் எழுத்து, தகட்டில் இடம் வலம் மாறியே இருக்க வேண்டும். யூத ஆலயத்தின் புகழ்பெற்ற செப்பேடு, சுமார் கி.பி. 1000-ல் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் கொடுத்த சாசனம், வேறு ஜாதி. படிப்பதற்காக வெட்டியது, அதனால் எழுத்து நேராக இருக்கும். பழைய அச்சுத் தகடு என்று காட்டப்படும் செம்பில் எழுத்து நேராகப் படிக்க முடிந்தால், அது சுவரில் மாட்டச் செய்த அலங்காரம். ஆஃப்செட் தகட்டில் மட்டும் எழுத்து நேராக இருக்கும். ஆனால் அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

அடுத்தது பூதக்கண்ணாடி. படம் முழுவதும் ஒழுங்கான சிறு புள்ளிகளால் ஆனதென்றால் அது ஹாஃப்டோன் பிளாக். 1880-களுக்குப் பிறகே வழக்கத்துக்கு வந்த முறை அது. அதை டச்சுக்காரர் காலத்துப் பொருள் என்று விற்க முடியாது. மரக்கட்டையில் ஆணியடித்த துத்தநாக பிளாக் என்றால் உயரத்தை அளக்கலாம். எழுத்துகளோடு சேர்ந்து அச்சாக வேண்டியிருந்ததால் கட்டையோடு சேர்த்து சுமார் 23 மில்லிமீட்டர் இருக்கும்.

கேரளத்தில் அதிகம் ஆசை காட்டக்கூடிய பெயர் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியின் டச்சு கவர்னர் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 12 பாகங்கள் 1678 முதல் 1693 வரை வெளிவந்தன. மலையாள எழுத்து அச்சேறியதே இதன் செம்புத் தகடுகளில்தான். ஆனால் செடிகளைப் பார்த்து வரைந்ததுதான் இங்கே. புத்தகம் அச்சானது ஆம்ஸ்டர்டாமில். அந்தத் தகடு மட்டாஞ்சேரிக் கடைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு நல்ல பதில் வேண்டும். பதில் வந்தாலும் விரலால் தடவிப் பார்க்கலாம். அந்த முறையில் கோடுகள் பள்ளமாக இருக்கும், மை பள்ளத்தில்தான் தங்கும். கோடுகள் மேடாக இருந்தால் அது பிற்கால பிளாக்.

ரவி வர்மா பெயரில் கல் வந்தால்? 1894-ல் பம்பாயில் தொடங்கிய அவருடைய லித்தோ அச்சகம், பின்னர் லோனாவ்லா அருகே மாளவ்லிக்கு மாறி, 1972-ல் தீக்கிரையானது. வண்ணப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் தேவைப்பட்டது. ஒரே கல்லில் எல்லா வண்ணங்களோடும் சரஸ்வதி காட்சி தந்தால், அது மேஜைக்கு அழகு, அச்சகக் கல் அல்ல.

பச்சைக் களிம்பைப் பார்த்து மயங்கக் கூடாது. அமிலத்தால் அதைச் சில நாட்களில் வரவழைக்கலாம். முதுகைத் திருப்பினால் விஷயம் வெளிவரும். தவறைச் சுரண்டித் திருத்தியபின் அந்த இடத்தைச் சமன் செய்யப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டிய தடம், தகடு செய்தவரின் முத்திரை, கோடுகளின் இடுக்கில் காய்ந்த மை, இவை நல்ல சாட்சிகள். எல்லாவற்றிலும் பெரிய சாட்சி, அந்தத் தகட்டில் அச்சான பழைய படம். தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்திருக்கும். அந்த அளவு ஒத்துப்போக வேண்டும். ஈரக் காகிதம் காயும்போது சற்றே சுருங்கும் என்பதால் படத்தில் அளவு கொஞ்சம் குறையலாம். தகட்டின் கீறல் ஒன்று படத்திலும் அதே இடத்தில், இடம் வலம் மாறித் தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஹோர்த்துஸின் பக்கங்களை இன்று இணையத்திலேயே பார்க்கலாம்.

கடைசி சோதனை சட்டப் புத்தகத்தில். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருள்கள். அவற்றை விற்க லைசென்ஸ் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று கொடுத்த பொருள்தான் விமானம் ஏறலாம். எனவே ஒரே மூச்சில் "இருநூறு வருஷப் பழசு" என்றும் "தாராளமாக வெளிநாடு கொண்டுபோகலாம்" என்றும் யாராவது சொன்னால், இரண்டில் ஒன்று பொய். எது என்று கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை, பில்லில் வயதை எழுதித் தரச் சொன்னால் போதும்.