எலெக்ட்ரானிக் தராசும் கனெக்டரும்

போன மழைக்காலத்தில் எங்கள் மண்டியில் நடந்ததைச் சொல்கிறோம். மில்லில் இருந்து வந்த 50 கிலோ சர்க்கரை மூட்டைகள் எங்கள் தராசில் 100, 150 கிராம் குறைவாகவே நின்றன. மூட்டை இறக்குகிறவர் மேல் சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டோம். இருபது வருடம் கூட இருந்தவர். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

தராசு பார்க்க வந்தவர் லோடு செல் போய்விட்டது, புதிதாகப் போடவேண்டும் என்றார். மனம் ஒப்பாமல் லைசென்ஸ் உள்ள வேறொரு ரிப்பேர்காரரை அழைத்தோம். அவர் பெட்டிக்குள் ஒயர் செருகும் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பின்னெல்லாம் கறுத்துக் கிடந்தது. உப்பும் வெல்லமும் இருக்கும் இடத்தில் வேறென்ன ஆகும்?

லோடு செல்லில் நான்கு ஒயர். இரண்டு 5 வோல்ட் கொண்டுபோகும், இரண்டு எடையின் சேதியைக் கொண்டுவரும். முழுப் பாரம் ஏற்றினாலும் சேதி சுமார் 10 மில்லிவோல்ட்தான். செல்லின் தடை 400 ஓம் என்றால், கரண்ட் போகிற பின்னில் அழுக்கால் 1 ஓம் கூடினாலே 50 கிலோவுக்கு 125 கிராம் குறைத்துக் காட்டும். காலித் தட்டில் சுழியம் சரியாகவே நிற்கும். அதனால்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. இதே தராசில் நாம் பருப்பு நிறுத்துக் கொடுத்தால், நாளைக்கு 40 மூட்டைக்கு 5 கிலோ நம் கையை விட்டுப் போகிறது!

விலை குறைந்த தராசுகளில் தகரப் பூச்சுப் பின்தான் வரும். ஈரத்திலும் அதிர்விலும் அது கெடும். தங்கமுலாம் பூசிய பின் சற்று விலை கூடும், ஆனால் இரு பக்கமும் அதுவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் தகரம் என்றால் சேராது. ஒயரை இழுத்தால் பின் அசையாதபடி கிளிப் இருக்கிறதா என்றும் வாங்கும்போதே கேளுங்கள். கழற்றத் தேவையில்லாத இடத்தில் நேரே சால்டர் வைத்துவிடுவது இன்னும் மேல்.

நாங்கள் இப்போது தினம் காலையில் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை வைத்து ஒயரை லேசாக ஆட்டிப் பார்க்கிறோம். எண் தாவினால் கனெக்டரைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சீலை மட்டும் நாமே உடைக்கக் கூடாது; ரிப்பேர் ஆனபின் மறுமுத்திரையும் போட்டாக வேண்டும்.

இறக்குகிறவர் வீட்டுக்கு நாங்களே போய் அழைத்து வந்தோம்.