விமானப் பாதுகாப்புக் கட்டணம் (இந்தியா)

விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்பது இந்திய வானூர்தி நிலையங்களின் பாதுகாப்புச் செலவுக்காகப் பயணச்சீட்டுடன் சேர்த்துப் பெறப்படும் தொகை ஆகும். திருநெல்வேலி மக்கள் பயன்படுத்தும், வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் பயணிகளும் இதனைச் செலுத்துகின்றனர்.

வரலாறு

1999 இல் இந்தியன் ஏர்லைன்சு விமானம் 814 கடத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2000 முதல் வானூர்தி நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பயணிகள் சேவைக் கட்டணத்தின் பாதுகாப்புக் கூறுக்கு மாற்றாக 2019 சூலையில் இக்கட்டணம் அறிமுகமானது. 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிகளுக்கு இது 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அவசரகால நிதிகளும் இக்கட்டணமும்

அரசியலமைப்பின் 267 ஆம் உறுப்பின்படி அமைந்த எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து அரசு முன்பணம் பெறலாம். ஆனால் அச்செலவுக்குப் பின்னர் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. எடுத்த தொகையையும் நிரப்ப வேண்டும். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பேரிடர் நிதியோ, 2023 திசம்பரில் தாமிரபரணியில் ஏற்பட்டது போன்ற பேரிடர்களுக்கே உரியது. எனவே அன்றாடக் காவலுக்குத் தனி வருவாய் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் 2018 திசம்பர் முதல் 2019 சனவரி வரை நிதி ஒதுக்கீடு தடைபட்டபோது, பாதுகாப்புச் சோதனைப் பணியாளர்கள் 35 நாட்கள் ஊதியம் பெறாமல் பணியாற்றினர். தனிக் கட்டணம் இத்தகைய தடையைத் தவிர்க்க உதவுகிறது. எனினும் 2020 இல் கொரோனாப் பரவலால் விமானங்கள் நின்றபோது கட்டண வருவாயும் நின்றது. காவலின் தேவை நிற்கவில்லை.