வராந்தாவில் பரவிய காய்ச்சல்

2018 மே மாதம் 5-ஆம் தேதி, கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேராம்பிரா பக்கத்து இளைஞர் ஒருவர் இறந்தார். என்ன காய்ச்சல் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்குள் அவருடைய சகோதரர் அதே அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ஒரே வீட்டில் அடுத்தடுத்து எப்படி என்று அங்கிருந்த டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போயின. புணே தேசிய வைராலஜி நிறுவனமும் உறுதி செய்தது. நிபா. தென்னிந்தியா அதுவரை பார்த்திராத நோய்.

வவ்வாலிடமிருந்து வருகிற நோய் என்பதால் ஊரே வவ்வாலைத் திட்டியது. இறந்தவர் வீட்டுக் கிணற்றிலிருந்த வவ்வால்களைக்கூடப் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் வகை, கிருமி இல்லை. பழந்தின்னி வவ்வாலிடமிருந்து நோய் வந்தது அநேகமாக அந்த முதல் இளைஞருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு மனிதரிடமிருந்தே தொற்றியது, அதிலும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தா, பக்கத்துக் கட்டில், துணைக்கு நின்ற சொந்தக்காரர் என்று ஒரு இருமல் போன வழியைப் பின்னால் வரைந்து பார்த்தார்கள். மொத்தம் 23 பேர். பிழைத்தவர்கள் இரண்டே பேர். 2001-இல் சிலிகுரியிலும் இந்த நோய் ஆஸ்பத்திரிகள் வழியாகத்தான் பரவியது. அந்தப் பாடம் கோழிக்கோட்டின் வராந்தா வரை வந்து சேரவில்லை.

முதல் நோயாளியை பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட நர்ஸ் லினி மே 21-இல் இறந்தார். நிரந்தரப் பணியாளர் அல்ல, தற்காலிக ஊழியர். அவருடைய பெயரை நாடே சொன்னது, இறந்த பிறகு.

அடுத்த ஆண்டு ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு நிபா வந்தது. அவரோடு தொடர்பிலிருந்த முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்தார்கள். வேறு யாருக்கும் தொற்றவில்லை, மாணவரும் பிழைத்தார். ஓராண்டுக்குள் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. மூளைக்காய்ச்சல் போலத் தெரிந்தால் உடனே சந்தேகப்படுவது, தனி அறையில் வைப்பது, மாதிரியை அன்றே அனுப்புவது: இவ்வளவுதான் கூடுதலாக வந்தவை.

தனி அறையில் நோயாளியைக் கவனிப்பவருக்குக் கவச உடை ஒரு தனிக் கலை. போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து. வேர்த்து நனைந்து, மூச்சு முட்டி, எப்போது வெளியே வருவோம் என்றிருக்கிற நேரத்தில்தான் கை தவறி முகத்துக்குப் போகும். அதனால் எதிரே ஒருவர் நின்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவு, கை கழுவு, அங்கியை முதுகுப்பக்கம் அவிழ்த்து உடம்பைவிட்டு விலக்கிச் சுருட்டு, மறுபடி கழுவு. முகக்கவசம் கடைசியில், நாடாவை மட்டும் தொட்டு. நோய் இல்லாத மாதங்களில் பழகாத கை, நோய் வந்த நாளில் இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

2023-இல் கோழிக்கோட்டில் மறுபடி வந்தது. ஆகஸ்ட் 30-இல் இறந்த முதல் நோயாளிக்கு வந்தது நிபா என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டிலிருந்த மகனும் மைத்துனரும் படுத்த பிறகே சந்தேகம் பிறந்தது. 2018-இன் கதையேதான். ஆனால் தெரிந்த பின் நடந்தவை வேறு. நோயாளி எந்த நாளில் எங்கெல்லாம் போனார் என்பதை வரைபடமாக வெளியிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் தாங்களே அழைத்துச் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் வந்தார்கள். மொத்தம் ஆறு பேருக்கு நோய், இரண்டு சாவு.

கேரளத்தில் நிபா என்றாலே நம் பக்கம் நாடுகாணி, வாளையார் வழிகளில் தெர்மாமீட்டரோடு ஆள் நிறுத்துவது வழக்கம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொற்றி இன்னும் காய்ச்சல் வராதவர் அந்தக் கருவியைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார். நீலகிரியிலோ கோவையிலோ ஒரு காய்ச்சல்காரர் ஓ.பி. வரிசையில் நிற்கும்போது, "வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா? சமீபத்தில் எங்கே போய் வந்தீர்கள்?" என்று கேட்கிற நர்ஸ் அதைவிடப் பெரிய சோதனைச்சாவடி.

கேரளத்தில், நோயாளியோடு தொடர்பிலிருந்தவர்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கு 21 நாள் கண்காணிப்பு. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு அரிசி தீர்ந்துவிட்டது, யார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்பது அந்தந்த வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும். வீட்டுப் பெண்களோடு வருஷக்கணக்கில் பேசிப் பழகியதால் தெரிவது அது. நெருக்கடி வந்தபின் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து உண்டாக்க முடியாது. அந்த வேலைக்குக் கேரளம் கொடுத்தது சம்பளம் அல்ல, மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம். அதை 21,000 ஆக்கக் கேட்டு 2025 பிப்ரவரி முதல் அவர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலையில் மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் நிபா மறுபடி தலைகாட்டியபோது அந்தப் போராட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை.