வட்டவிதானையார் எண்ணும் தண்ணீர்

மஃரிப் தொழுது முடிந்ததும் நம்மூர் வீடுகளில் ஒரு சண்டை கிளம்பும். ராத்தாவின் ஒன்லைன் வகுப்பு நின்று நின்று ஓடும். "காக்காதான் படம் பாக்காரு!" என்பா. "நான் பாக்கல்ல, தம்பிதான் கேம்" என்பார் காக்கா. யார் சொல்வது மெய்?

வயல் பக்கம் போய் வருவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் கட்டியதுதான் சேனநாயக்க சமுத்திரம். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக நமது பக்கத்து வயல்களுக்கும் வருகிறது. மேலே உள்ளவர் கூடுதலாகத் திறந்துவிட்டால் கடைசி வயல் காயும். அதைக் கவனிக்கத்தான் வட்டைக்கு ஒரு வட்டவிதானையார்.

வீட்டு இணைய வாய்க்காலின் வட்டவிதானையார், ஃபயர்வோல். வேண்டாததைத் தடுப்பவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அவருக்கு எண்ணவும் வரும். இணையத்தில் எல்லாம் சிறு பொட்டலங்களாகவே ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் அனுப்பிய முகவரியும் பெறும் முகவரியும் இருக்கும். காக்காவின் போன் 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். 2001இல் லினக்ஸ் 2.4 உடன் வந்த ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வோலில் இப்படி ஒரு விதி எழுதலாம்: "இந்த முகவரிக்குப் போகிறதா? எண்ணிவிட்டு, அடுத்த விதிக்கு விடு." தடுப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. விதியின் பக்கத்தில் பொட்டலக் கணக்கும் பைட் கணக்கும் ஏறிக்கொண்டே போகும். அந்த முகவரியிலிருந்து வெளியே போவதற்கு இன்னொரு விதி வேண்டும். பொட்டலத்துக்குள் படமா பாடமா என்று மட்டும் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

கணக்கு 5 கோடி பைட் என்று காட்டுகிறது. 10 விநாடி கழித்துப் பார்த்தால் 7.5 கோடி. இடையில் வந்தது 2.5 கோடி, 10ஆல் வகுத்தால் விநாடிக்கு 25 லட்சம் பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக விநாடிக்கு 2 கோடி பிட், அதாவது 20 மெகாபிட். வீட்டு இணைப்பின் வேகமே அவ்வளவுதான் என்றால், வகுப்பு ஏன் நின்றது என்று இப்போது விளங்குதா?

வயல்கள் சேர்ந்தது வட்டை. முகவரிகள் சேர்ந்தால் சப்நெட். 192.168.1.0/24 என்று எழுதினால் 256 முகவரிகள் அதில் அடங்கும். ஒரு திசைக்கு ஒரே விதியில் முழு வட்டைக்கும் கணக்கு வந்துவிடும். ஒலுவில் பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடங்களில் ஆள் ஆளாக எண்ணுவதைவிட இதுதான் லேசு. தனித்தனியாகவும் வேண்டுமா? பின்னால் வந்த என்எஃப்டேபிள்ஸிடம் முகவரிப் பட்டியலைக் கொடுத்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு வைக்கும்.

ஆனால் ரவுட்டரிலேயே எண்ண வேண்டும். பெரும்பாலும், அதைத் தாண்டி வெளியே போகும்போது வீட்டார் எல்லாருடைய பொட்டலமும் ஒரே பொது முகவரியைப் போட்டுக்கொள்ளும். அப்புறம் யாருடையது எது என்று பிரிக்க ஏலாது.

இன்னொரு கூத்தும் உண்டு. ரவுட்டர் முகவரிகளைக் கொஞ்ச நாளுக்குத்தான் இரவல் கொடுக்கும். நேற்றுக் காக்காவிடம் இருந்த 192.168.1.10 இன்று வேறு போனுக்குப் போயிருக்கலாம். எந்தப் போனுக்கு எந்த முகவரி என்று ரவுட்டரில் முதலே கட்டிவைக்காவிட்டால், உம்மா பார்த்த படமெல்லாம் காக்காவின் கணக்கில் ஏறிவிடலாம்.