அடுத்த கோச் யாரு?

மான்செஸ்டர் 'பப்'களில் கிளாஸ் காலியாவதற்குள் கோச்சை மாற்றிவிடுவார்கள். 'அந்தாளு வேணாம்ப்பா, டிஃபென்ஸ்தான் ஆட வைப்பாரு!' 'இவரு மட்டும்? ஒரு கப்பாவது ஜெயிச்சிருக்காரா?' 'அப்ப உன்னைப் போட்டுரலாமா?'

சிரிக்காதீர்கள். 1986-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசனையே இவர்கள் விட்டுவைக்கவில்லை. மூணு வருஷம் பொறுத்தார்கள். 1989 டிசம்பரில், 'நடையைக் கட்டுய்யா' என்கிற ரீதியில் மைதானத்திலேயே பேனர்! நிர்வாகம் அசையவில்லை. 1990-ல் எஃப்.ஏ. கோப்பை வந்தது. முதல் லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருந்தார்கள். 2013-ல் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 13! அதற்கு முந்தின வருஷமே மைதான வாசலில் சிலையும் வைத்தாச்சு.

அடுத்து, ஃபெர்குசனே கை காட்டிய டேவிட் மாயஸ். ஆறு வருஷ ஒப்பந்தம், வரவேற்பு பேனர் எல்லாம் அமர்க்களம்தான். 2014 மார்ச்சில், 'ஆளை மாத்து' என்று விமானத்தின் வாலில் பேனர் பறந்தது. ஏப்ரலில் சீட்டு கிழிந்தது!

ஃபெர்குசன் கணக்கே தப்பும்போது, பாவம், ரசிகன் என்ன செய்வான்? ஆள் தேறுவாரா என்பது தெரிய நாளாகும். அந்த நாளைத்தான் யாரும் தருவதில்லை.

உங்க ஆபீஸுக்குப் புது மேனேஜர் வந்திருக்காரா? கேன்டீனில் தீர்ப்பு எழுதுமுன் ரெண்டாவது டீ வரைக்குமாவது பொறுங்க சார்!