தலை ஏன் அரிக்குது?

தோழிகளே, பேனோட எச்சில் நம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் அரிக்கிறது. பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் ஏறும். தினமும் குளிக்கிற தலையிலும் வரும். அப்புறம் ஏன் ஒருத்தியை மட்டும் "அழுக்கு" என்று கடைசி வரிசையில் தனியே உட்கார வைக்கிறோம்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பேன் நாளொன்றுக்கு 8 முட்டை வரை இடும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஒருநாள் வாரினால் போகாது. நிறைய தேங்காய் எண்ணெய் வைத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை, 3 நாளைக்கு ஒருமுறை, 2 வாரம் வாரணும். வலிக்கும்தான், எங்க அம்மாயி விடவே மாட்டாங்க! வீட்டில் எல்லார் தலையையும் பார்க்கணும். மண்ணெண்ணெய் மட்டும் தடவாதீங்க, தீப்பிடிக்கும், தோல் வெந்துபோகும். சொறிந்து புண்ணானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க.